எல்லைக்கோட்டுக்கு முன்பே பூட்டுங்கள்: அமெரிக்க மாநிலங்களுக்கு இடையே கைத்துப்பாக்கியுடன் பயணம்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலங்களிலும் செல்லும். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பெர்மிட் அப்படிச் செல்லாது. புதிதாகப் பெர்மிட் வாங்குபவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. 2013 அக்டோபரில் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண், நியூ ஜெர்சிக்குள் காரில் போனார். சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் போலீஸ் நிறுத்தியதும், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பெர்மிட்டும் இருக்கிறது" என்று அவராகவே சொன்னார். அந்தப் பெர்மிட்டுக்கு நியூ ஜெர்சியில் எந்த மதிப்பும் இல்லை. கைதானார், கட்டாயச் சிறைத்தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. 2015-ல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகே விஷயம் முடிந்தது. ஆளுநர் மன்னிப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

முதலில் உங்கள் குடியேற்ற நிலை

இதைப் படிப்பவர்களில் பலர் விசாவில் இருப்பவர்கள் என்பதால் இதிலிருந்தே தொடங்குவோம். எச்-1பி, எல்-1, எஃப்-1, அவர்களைச் சார்ந்து வந்தவர்களின் எச்-4, எல்-2 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. சாதாரண ஆளுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இல்லாமல் நண்பரோடு ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பதும் 'கைவசம் வைத்திருத்தல்' என்ற கணக்கில்தான் வரும். இந்தப் பிரிவுக்கான உச்சபட்சத் தண்டனையை 2022-ல் 15 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், அட்டை கையில் வரும்வரை தன்னை விசாக்காரராகவே கருதிக்கொள்வது நல்லது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தால், அதுவே நாடு கடத்துவதற்குப் போதுமான காரணம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. ஒரே தவறுக்குக் குடிமகன் அபராதத்தோடு தப்பிக்கலாம். கிரீன் கார்டுக்காரர் நாட்டைவிட்டே போக நேரலாம். எனவே கீழே வரும் எச்சரிக்கைகளையெல்லாம் அவர் இரண்டு மடங்காகப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: மாநிலம் அனுமதித்தாலும், கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் ஏற்பதில்லை. கொலராடோவில் கடையில் வாங்கிய கஞ்சா மிட்டாய் பையிலும், துப்பாக்கி இடுப்பிலும் இருந்தால் அது இரட்டைச் சிக்கல்.

பெர்மிட் எங்கே செல்லும், எங்கே செல்லாது

நாடு முழுவதற்குமான பெர்மிட் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் மற்ற எந்தெந்த மாநிலங்களின் பெர்மிட்டை ஏற்பது என்று தானே முடிவு செய்கிறது. எல்லா மாநிலங்களும் ஏற்றாக வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. 2022-ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் 'தகுந்த காரணம் காட்டு' விதியை ரத்து செய்ததும், இனி எங்கும் எடுத்துப் போகலாம் என்று ஒரு பேச்சு பரவியது. அது தவறு. அந்தத் தீர்ப்பு பெர்மிட் வழங்கும் முறையைப் பற்றியது; வெளிமாநிலப் பெர்மிட்டை ஏற்கும்படி அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நிலவரம் தோராயமாக மூன்று வகை.

முதல் வகை, பெர்மிட்டே தேவைப்படாத மாநிலங்கள். 2024 நடுப்பகுதியில் இவை 29 ஆயின. வெர்மான்ட்டில் பெர்மிட் முறையே இருந்ததில்லை. அலாஸ்கா 2003-லும் அரிசோனா 2010-லும் டெக்சாஸ் 2021-லும் புளோரிடா 2023-லும் சேர்ந்தன. இங்கே கவனிக்க வேண்டியது வயது. சில மாநிலங்களில் 18, சிலவற்றில் 21.

இரண்டாம் வகை, சில பெர்மிட்டுகளை மட்டும் ஏற்பவை. இதில் ஒரு பொறி உண்டு. கொலராடோவும் மிச்சிகனும், பெர்மிட் தந்த மாநிலத்திலேயே நீங்கள் குடியிருந்தால்தான் அதை மதிக்கும். யூட்டா, அரிசோனா, புளோரிடா ஆகியவை வெளிமாநிலத்தவருக்கும் பெர்மிட் தருகின்றன. பலர் யூட்டாவின் பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டு பட்டியலை நீட்டித்துவிட்டதாக நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் குடியிருந்துகொண்டு யூட்டா பெர்மிட்டோடு கொலராடோவின் டென்வரில் இறங்கினால், அந்த அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக்.

மூன்றாம் வகை, யாருடையதையும் ஏற்காதவை: கலிபோர்னியா, ஓரிகன், ஹவாய், இல்லினாய், நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ், மேரிலாந்து, தலைநகர் வாஷிங்டன். இவற்றில் இல்லினாய் மட்டும் ஒரு சலுகை தருகிறது. சொந்த மாநிலத்தில் மறைத்து எடுத்துச் செல்லத் தகுதியுள்ள வெளிமாநிலத்தவர் காருக்குள் வைத்துக்கொள்ளலாம். காரைவிட்டு இறங்கினால் துப்பாக்கி பூட்டிய காருக்குள்ளேயே இருக்க வேண்டும். நியூயார்க்குக்கு உள்ளேயே இன்னொரு சுவர் உண்டு. அந்த மாநிலத்தின் மற்ற ஊர்களில் வாங்கிய உரிமம், நகரக் காவல்துறையின் தனி அனுமதி இல்லாமல் நியூயார்க் நகரத்துக்குள் செல்லாது.

உங்கள் மாநிலத்தில் பெர்மிட் தேவையில்லை என்றாலும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலம் அட்டை கேட்கலாம் என்பது ஒரு காரணம். பள்ளிகளைச் சுற்றியுள்ள கூட்டாட்சித் தடை இன்னொரு காரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

வழித்தாள் தயார் செய்யுங்கள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளை எடுத்துப் போகும் வழியில் வரும் மாநிலங்களை வரிசையாக எழுதுங்கள். இருபது நிமிடம் மட்டும் கடக்கும் மூலைகூட விடுபடக் கூடாது. ஐ-95 நெடுஞ்சாலையில் டெலவேரை அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அந்த அரை மணி நேரமும் டெலவேர் சட்டம்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எதிரே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: என் பெர்மிட் செல்லுமா? மேகசினுக்கும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) தோட்டாவுக்கும் வரம்பு உண்டா? போலீஸ் நிறுத்தினால் நானாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் போதுமா? எந்தெந்த இடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது?

விடைகளை மாநிலக் காவல்துறை அல்லது மாநில அட்டர்னி ஜெனரலின் இணையதளத்தில் எடுங்கள். போன் செயலிகளும் வண்ண வரைபடங்களும் முதல் பார்வைக்கு உதவும், அவ்வளவுதான். புதிய சட்டங்கள் பெரும்பாலும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் அமலாகும். அந்தத் தேதிகளை ஒட்டிப் பயணம் என்றால் கிளம்பும் முன்தினம் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

மேகசின் வரம்புதான் பலர் மறக்கும் பகுதி. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் ஆகியவற்றில் 10 தோட்டா, கொலராடோவில் 15, இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15, டெலவேரில் 17. கடையில் வாங்கும்போது பல 9 மி.மீ. துப்பாக்கிகளோடு வரும் மேகசின் 15 அல்லது 17 கொள்வது. பயணத்துக்கென்று 10 தோட்டா மேகசின் இரண்டு தனியாக வாங்கி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

தோட்டாவில் நியூ ஜெர்சி தனி ரகம். தற்காப்புக்கு நாடெங்கும் பயன்படுத்தும் ஹாலோ பாயின்ட், அதாவது முனை குழிந்த தோட்டா, அங்கே வீட்டில் இருக்கலாம், ரேஞ்சுக்குப் போகலாம். இடுப்புத் துப்பாக்கியில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் குற்றம். நியூ ஜெர்சியின் சொந்தப் பெர்மிட் வைத்திருப்பவருக்கும் இதே விதி.

பாதுகாப்பான கடப்பு: 926ஏ

ஏற்காத மாநிலத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தால் கைகொடுப்பது 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் 926ஏ பிரிவு. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எஸ்யூவி, ஹேட்ச்பேக் போலத் தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் முன்னிருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

சட்டத்தின் சொற்களில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, அது 'துப்பாக்கி', 'தோட்டா' என்றுதான் பேசுகிறது. மேகசின் என்ற சொல் அதில் இல்லை. 17 தோட்டா மேகசினை டிக்கியில் வைத்து நியூ ஜெர்சியைக் கடப்பவருக்கு இந்தப் பிரிவு குடை பிடிக்கும் என்று நம்பிப் போக முடியாது. மற்றொன்று, அது பயணத்தைக் காக்கிறது, தங்குவதை அல்ல. பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது வரை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இரவு அறை எடுத்துப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனால் நிலைமை மாறும்.

2005-ல் நடந்தது இதுதான். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் கிளம்பியவர், நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். விமான நிறுவனம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. அவர் அதை ஓட்டலுக்கு எடுத்துப் போனார். மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி துப்பாக்கியை அறிவித்தார். கைது செய்தார்கள், பல நாள் சிறையில் கழித்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: ஓட்டலில் இருந்த இரவில் துப்பாக்கி கைக்கெட்டும் நிலையில் இருந்தது, ஆகவே 926ஏ பாதுகாப்பு இல்லை.

பிடிபட்டால் விலை என்ன? நியூ ஜெர்சியில் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது 5 முதல் 10 ஆண்டு வரை தண்டனைக்குரிய இரண்டாம் நிலைக் குற்றம். அதில் குறைந்தது 42 மாதம் பரோல் கிடையாது. நியூயார்க்கிலும் தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்குக் குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு. அதோடு, அந்த மாநிலங்களில் 926ஏ என்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் நீங்கள் எடுத்துவைக்கும் வாதமாகத்தான் பயன்படுகிறது. சாலையோரத்தில் போலீஸின் கையை அது பிடித்து நிறுத்துவதில்லை.

பெட்டி கட்டும் முறை

வேண்டியவை: கடினமான பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டி, நல்ல பூட்டு இரண்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி (வாங்கிய அட்டைப் பெட்டியே போதும்), பெட்டியை இருக்கைச் சட்டத்தோடு பிணைக்க எஃகுக் கம்பி வடம். பெர்மிட் நகல், துப்பாக்கியின் சீரியல் எண் தெரியும்படி ஒரு புகைப்படம் ஆகியவற்றைப் போனிலும் காகிதத்திலும் வைத்திருங்கள். திருட்டுப் போனால் போலீஸ் கேட்கும் முதல் விஷயம் சீரியல் எண்.

தோட்டாவை இறக்கும் வரிசையில் தவறக் கூடாது. முனையைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, முதலில் மேகசினை உருவுங்கள். பிறகு ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னுக்கு இழுத்து சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில்) இருப்பதை வெளியேற்றுங்கள். ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு உருவினால், புதிய தோட்டா ஒன்று சேம்பரில் ஏறி உட்கார்ந்திருக்கும். 'காலி' என்று நினைத்த துப்பாக்கி வெடிக்கும் பழைய கதை அதுதான்.

தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்று 926ஏ சொல்லவில்லை. இருந்தாலும் பிரித்தே வையுங்கள். டிக்கியின் இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. அதிகாரி பார்க்கும்போது விளக்கம் தேவைப்படாத அடுக்குமுறையே நல்ல அடுக்குமுறை.

ஓர் எடுத்துக்காட்டு: ராலேயிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர்

வட கரோலினாவின் ராலேயிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டருக்கு 700 மைலுக்கு மேல். வட கரோலினாவில் உங்களுக்குப் பெர்மிட் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல் வெளிமாநிலத்தவருக்கும் பெர்மிட் தேவையில்லை. இரண்டு முனையும் சரி. நடுவில் வர்ஜீனியா, மேரிலாந்து, டெலவேர், நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ்.

நியூ ஜெர்சியைத் தவிர்க்க விரும்புபவர் ஐ-81 பிடித்துப் பென்சில்வேனியா வழியாக மேலேறி, ஐ-84-ல் கிழக்கே திரும்பலாம். நியூயார்க்கைத் தவிர்க்க வழியே இல்லை. கடலிலிருந்து கனடா எல்லை வரை அந்த மாநிலம் குறுக்கே படுத்திருக்கிறது. நாட்டைவிட்டு வெளியேறாமல், நியூயார்க்கை மிதிக்காமல் நியூ இங்கிலாந்துக்குள் காரில் போக முடியாது.

ஆகவே எந்த மாநிலம் ஏற்கும், எது ஏற்காது என்று வழிநெடுகத் துப்பாக்கியை இடுப்புக்கும் டிக்கிக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ராலேயில் வீட்டிலேயே இறக்கிப் பூட்டுங்கள். நியூ ஹாம்ப்ஷயர் பலகையைத் தாண்டி, தங்கும் இடத்தில் திறவுங்கள். ஹோல்ஸ்டரும் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) பெட்டிக்குள்ளேயே போகட்டும். இடுப்பில் காலி ஹோல்ஸ்டரைப் பார்க்கும் அதிகாரிக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இரவில் தங்க வேண்டுமென்றால் வர்ஜீனியாவிலோ பென்சில்வேனியாவிலோ தங்குங்கள். அங்கிருந்து அதிகாலை கிளம்பினால் மிச்சத்தை ஒரே பகலில் கடந்துவிடலாம். நியூயார்க் நகரத்தில் இறங்கி மன்ஹாட்டனைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை வேறொரு பயணத்துக்கு, துப்பாக்கி இல்லாத பயணத்துக்கு, ஒதுக்குங்கள்.

அடிக்கடி ஏற்றி இறக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. ஒரே தோட்டாவை மறுபடி மறுபடி சேம்பரில் ஏற்றினால், ஒவ்வொரு முறையும் முனை மோதிக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸுக்குள், அதாவது வெடிமருந்து இருக்கும் உலோகக் கூட்டுக்குள், அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால், சுடும்போது அழுத்தம் எகிறும். இறக்கிய தோட்டாவைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குள்ளமாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஏற்றி இறக்குவதைப் பெட்ரோல் பங்கிலும் ஓய்வுப் பூங்காவிலும் செய்யாதீர்கள். மடியில் வைத்து, குனிந்து, யாராவது பார்க்கிறார்களா என்ற பதற்றத்தில் கையாளும்போதுதான் தவறுதலாக வெடிக்கிறது.

பெர்மிட் இருந்தாலும் போகக் கூடாத இடங்கள்

பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர், கூட்டாட்சிப் பள்ளி வளையம். பெர்மிட் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் சட்டத்தின் சொற்படி, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். பரஸ்பர ஏற்பில் செல்லும் வெளிமாநிலப் பெர்மிட் இதில் அடங்காது. பெர்மிட்டே வேண்டாத மாநிலத்தில் பெர்மிட் இல்லாமல் போகிறவருக்கும் இதே கதிதான். சிற்றூர் வழியாகப் போகும் எந்தச் சாலையும் ஒரு பள்ளியின் 1,000 அடிக்குள் நுழையாமல் போவது கடினம். தோட்டா இறக்கிப் பூட்டிய பெட்டியில் இருந்தால் சிக்கல் இல்லை. உச்சபட்சத் தண்டனை 5 ஆண்டு என்பதை மனத்தில் வையுங்கள்.

கூட்டாட்சி அலுவலகங்கள், நீதிமன்றங்கள், ராணுவத் தளங்கள், விமான நிலையச் சோதனைக்கு அப்பாற்பட்ட பகுதி ஆகியவை வெளிப்படை. தபால் நிலையம் பலருக்குத் தோன்றுவதில்லை. அதன் விதி கட்டடத்தோடு கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்தே தடுக்கிறது. பார்சல் அனுப்ப வேண்டுமென்றால் காரைத் தெருவில் நிறுத்துங்கள்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டமே செல்லும். யெல்லோஸ்டோனில் நடைபாதையில் எடுத்துப் போகலாம். பார்வையாளர் மையத்துக்குள் நுழைந்தால் அது கூட்டாட்சிக் கட்டடம். யெல்லோஸ்டோன் வயோமிங், மொன்டானா, ஐடஹோ என மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

பூர்வகுடி நிலங்களில் அவரவர் பழங்குடி அரசின் சட்டம். மாநிலப் பெர்மிட்டை அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. நியூ மெக்சிகோவில் ஐ-40 லகூனா, அகோமா மக்களின் நிலத்தின் ஊடே ஓடுகிறது. நெடுஞ்சாலையைவிட்டு இறங்கிக் கேசினோவுக்குள் போவதாக இருந்தால் துப்பாக்கி பூட்டில் இருக்கட்டும்.

தனியார் கடைப் பலகைகளின் பலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் பலகை வெறும் வேண்டுகோள். வெளியேறச் சொல்லியும் போகாவிட்டால்தான் குற்றம். டெக்சாஸில் 30.06 என்ற எண்ணோடு, ஒரு அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் எழுதிய பலகைக்குச் சட்ட பலம் உண்டு. சிவப்பில் '51%' என்று இருந்தால் அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள்; துப்பாக்கியோடு உள்ளே போகவே கூடாது. மது என்றதும் வட கரோலினா: அங்கே உடலில் மது மிச்சமிருக்கும்போது மறைத்து எடுத்துச் செல்வதே குற்றம். விருந்தில் ஒரு பீர் குடிக்கப் போகிறீர்கள் என்றால் துப்பாக்கியை முதலிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

மிச்சிகன், அலாஸ்கா, வட கரோலினா போன்றவற்றில் துப்பாக்கி இருப்பதை நீங்களாகவே உடனே சொல்ல வேண்டும். ஓஹையோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். இதற்கு விடை வழித்தாளில் இருக்க வேண்டும். ஜன்னலருகே அதிகாரி வந்த பிறகு யோசிக்கக் கூடாது.

ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பதிவுச் சீட்டு டேஷ்போர்டு அறையில், துப்பாக்கியும் அங்கேயே என்றால், அந்த அறையைத் திறந்ததும் அதிகாரி பார்ப்பது உங்கள் கைக்கருகில் ஒரு துப்பாக்கி. 'கன்' என்ற சொல்லில் பேச்சைத் தொடங்க வேண்டாம். பின்னால் நிற்கும் இரண்டாவது அதிகாரியின் காதில் அது மட்டும்தான் விழும். "எனக்கு மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் உண்டு. ஆயுதம் இப்போது வலது இடுப்பில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?" என்ற பொருளில் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு கையை அசைக்காமல் அவர் சொல்வதற்குக் காத்திருங்கள்.

2016-ல் மின்னசோட்டாவில் பெர்மிட் வைத்திருந்த ஒரு கறுப்பின இளைஞர், துப்பாக்கி இருப்பதாகச் சொல்லிவிட்டு அடையாள அட்டையை எடுக்கப் போனபோது சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். கருமை நிறம் உள்ளவர்கள் இதை அறிந்தே நடந்துகொள்வது நல்லது: சொல்லிவிட்டு எதையும் எடுக்கப் போகாதீர்கள்.

துப்பாக்கி டிக்கியில் பூட்டியிருக்க, நியூ ஜெர்சியில் வேகத்துக்காக நிறுத்தினார்கள் என்றால்? பொய் சொல்லக் கூடாது. வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். வழக்கறிஞரிடம் பேசிய பிறகே மற்றதெல்லாம் பேசுவேன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றபடி, அந்த மாநிலங்களைக் கடக்கும் நாளில் வேக வரம்பை ஒரு மைல்கூடத் தாண்ட வேண்டாம். கிளம்பும் முன் பின்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

விமானத்தில்

சரக்கில் போகும் பெட்டியில் மட்டுமே. தோட்டா இறக்கி, கடினமான, முழுக்கப் பூட்டக்கூடிய பெட்டியில் வைத்து, கவுண்டரில் அறிவிக்க வேண்டும். பூட்டிய பிறகு மூலையை இழுத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் அந்தப் பெட்டி தேறாது. துப்பாக்கியோடு கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். பூட்டுத் துளை எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் பூட்டு போடுங்கள். சாவி உங்களிடமே இருக்க வேண்டும். தோட்டா, அதற்கென்று செய்த பெட்டியில். பல விமான நிறுவனங்களின் வரம்பு 11 பவுண்டு, 5 கிலோ.

அறிவித்ததும் கையெழுத்திட ஓர் அட்டை தருவார்கள். அது பெட்டிக்குள் போகும். உள்ளே துப்பாக்கி இருப்பதாக வெளியே எதையும் ஒட்டச் சொல்லக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். சோதனை முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். திறக்கச் சொல்லி உங்களைத் தேடும்போது நீங்கள் காபிக் கடையில் இருந்தால் பெட்டி விமானம் ஏறாது.

2023-ல் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகளைச் சோதனைச் சாவடிகளில் பிடித்தார்கள்; 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. 'பையில் இருப்பதை மறந்துவிட்டேன்' என்பதுதான் வழக்கமான பதில். பல ஆயிரம் டாலர் அபராதம் வரும், விரைவுச் சோதனைச் சலுகையும் பறிபோகும். தீர்வு எளிது: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஒருபோதும் கைப்பையாக விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டாகூடச் சிக்கல்தான்.

டிக்கெட் எடுக்கும்போதே நியூயார்க் பகுதியின் நியூவார்க், ஜேஎஃப்கே, லாகார்டியா விமான நிலையங்கள் வழி இணைப்பைத் தவிருங்கள். விமானம் திசைமாறி அங்கே இறங்கிவிட்டால், பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனமே வைத்திருந்து அடுத்த விமானத்தில் ஏற்றும்படி கேளுங்கள். ஹவாய்க்கு எடுத்துப் போனால் சேர்ந்த 5 நாளுக்குள் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

ரயில், பேருந்து, எல்லை

ஆம்ட்ராக் ரயிலில் 2010 டிசம்பர் முதல் அனுமதி உண்டு. குறைந்தது 24 மணி நேரம் முன்பு தொலைபேசியில் சொல்ல வேண்டும். சரக்குப் பெட்டி வசதி உள்ள ரயிலும் நிலையங்களும் இருந்தால்தான் முடியும். கிரேஹவுண்ட் பேருந்தில் அனுமதியே இல்லை. உல்லாசக் கப்பலிலும் அதே.

கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ கைத்துப்பாக்கியோடு போகாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து காரில் அலாஸ்கா போகிறவர் கனடாவைக் கடந்தாக வேண்டும்; துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரி மூலம் அனுப்பிவிட்டுப் போவதே வழி. டெட்ராய்ட், பஃபலோ, எல் பாசோ, சான் டியேகோ ஊர்களில் எல்லைக்குப் போகும் பாதையும் ஊருக்குள் போகும் பாதையும் பக்கத்துப் பக்கத்திலேயே பிரிகின்றன. தவறான பாதையில் ஏறினால் பல இடங்களில் திரும்ப வழியிருக்காது. அந்த ஊர்களில் வரைபடத்தைப் பெரிதாக்கி, எந்த வெளியேறு பாதை என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறி எல்லைச் சாவடிக்குப் போய்விட்டால், அதிகாரி கேட்கும் முன்பே வழி தவறியதையும் துப்பாக்கி இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஓட்டல் அறையில்

உங்கள் பெர்மிட் செல்லும் மாநிலத்தில் தங்கும்போது, பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போகாதீர்கள். ஓட்டல் கார் நிறுத்துமிடங்களில் டிக்கி உடைப்பவர்கள் தேடுவதே இதைத்தான். ஓட்டல் துப்பாக்கியை அனுமதிக்கிறதா என்று முன்பதிவின்போதே பாருங்கள். அறையில் உள்ள சிறு லாக்கரை நம்ப வேண்டாம். பணியாளர்களால் அதைத் திறக்க முடியும். உங்கள் பூட்டிய பெட்டியையே கட்டில் காலோடு வடத்தால் பிணைத்து வையுங்கள். குழந்தைகள் உடன் இருந்தால் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், மேசையில் வேண்டாம். திருட்டுப் போனது தெரிந்தவுடன் உள்ளூர்க் காவல்துறையில் சீரியல் எண்ணோடு புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சில மாநிலங்கள் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கின்றன. அந்த எண் இல்லாமல் காப்பீட்டு நிறுவனமும் பேசாது.